ஆறு ஆண்டுகளாக அம்மா போடும் கேஸ் மாத்திரை: நிறுத்தலாமா, கூடாதா?

கேள்வி: காவேரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோர் கும்பகோணத்தில் இருக்கிறார்கள்; நான் வேலை நிமித்தமாகப் புணேயில் இருக்கிறேன். சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோதுதான் அம்மா மாத்திரை போடுவதை முதன்முறையாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். காலை ஐந்தரை மணிக்கு எழுந்ததும், மாத்திரைகளைப் போட்டு வைத்திருக்கும் பழைய எவர்சில்வர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, தைராய்டு மாத்திரை, கேஸ் மாத்திரை, கால்சியம் மாத்திரை மூன்றையும் ஒரே உள்ளங்கையில் வைத்து, ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு, ஐந்து நிமிடத்தில் காபி குடித்துவிடுகிறார்.

அம்மாவுக்கு வயது 64. பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மின் 1000 மி.கி. இருவேளை போடுகிறார். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு மூட்டுவலிக்கு மாத்திரை எழுதிய மருத்துவர், வயிறு புண்ணாகாமல் இருக்கப் பான்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த கேப்சூலைப் பத்து நாட்களுக்குக் கொடுத்தார். வலி மாத்திரை அப்போதே நின்றுவிட்டது. கேஸ் மாத்திரை மட்டும் நிற்கவில்லை; காலி அட்டையைக் கடையில் காட்டினால் அடுத்த அட்டை கிடைத்துவிடுகிறது. ஒரு நாள் போடாவிட்டால் நெஞ்சு எரிகிறது என்பதால் அது தமக்குக் கட்டாயம் வேண்டியது என்று அம்மா நம்புகிறார்.

இப்போது மூன்று தொல்லைகள் உள்ளன. உள்ளங்கால் மரத்துப் போகிறது. செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரிவதில்லை. இரவில் கெண்டைக்காலில் தசை பிடித்துக்கொள்கிறது. தைராய்டு மாத்திரையை 75-இலிருந்து 100, பிறகு 125 மைக்ரோகிராம் என்று கூட்டியும், மருந்து போதாவிட்டால் ரத்தத்தில் ஏறும் டிஎஸ்எச் அளவு 9-க்குக் கீழே இறங்க மறுக்கிறது.

அப்பாவின் நிலை வேறு. வயது 70. எட்டு மாதங்களுக்கு முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின் 75, குளோபிடோகிரல் 75, இவற்றோடு பான்டோபிரசோல் 40 எழுதியிருக்கிறார்கள். இரண்டு மாதமாகக் கடையில் அந்த மாத்திரை இருப்பில் இல்லை என்று ஒமெப்ரசோல் கொடுக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்றார்களாம்.

இந்த மாத்திரைகளால் சிறுநீரகம் கெட்டுவிடும், மறதி நோய் வரும் என்று சொல்லும் காணொளிகளை வாரம் ஒன்றாக உறவினர்கள் அனுப்புகிறார்கள். இருவருக்கும் இதை நிறுத்திவிடலாம் என்று நினைத்திருக்கிறேன். அது சரியா? அம்மாவின் தொல்லைகளுக்கும் இந்த மாத்திரைக்கும் தொடர்பு இருக்க வாய்ப்புண்டா?

பதில் 1: பழைய மருந்தாளுநர்

தம்பி, நான் முப்பது ஆண்டுகள் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருந்துக்கு மருந்து நேரும் மோதலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நோயைப் பற்றி இங்குள்ள மருத்துவர்கள் சொல்லட்டும்.

முதலில் அவசரமானது. அப்பாவுக்கு எதையும் நிறுத்தாதீர்கள். ஆனால் ஒமெப்ரசோலை மாற்ற வேண்டுமா என்று இதய மருத்துவரிடம் நாளைக்கே தொலைபேசியில் கேளுங்கள். குளோபிடோகிரல், விழுங்கிய உருவத்தில் வேலை செய்யாத மருந்து. கல்லீரலில் சி.ஒய்.பி.2சி19 என்ற நொதி அதை மாற்றியமைத்த பிறகுதான் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆற்றல் அதற்கு வருகிறது. ஒமெப்ரசோலும் எசோமெப்ரசோலும் அதே நொதியை மறித்துக்கொள்வதால், குளோபிடோகிரலில் ஒரு பகுதி மாற்றம் பெறாமலே வீணாகிவிடும். இதற்காகவே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2009 நவம்பரில், இவ்விரண்டையும் குளோபிடோகிரலுடன் சேர்க்க வேண்டாம் என்று எச்சரித்தது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று பன்னிரண்டு மணி நேரம் தள்ளிப் போட்டாலும் பயனில்லை என்பதும் அந்த எச்சரிக்கையில் இருந்தது. பான்டோபிரசோல் அந்த நொதியை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. இதய மருத்துவர் அதைத் தேர்ந்தெடுத்து எழுதியதற்கு அதுவே காரணமாக இருக்கும். எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: 2010-இல் வெளியான கோஜென்ட் ஆய்வில், ஒமெப்ரசோல் சேர்த்தவர்களுக்கு மாரடைப்பு கூடியதாகத் தெரியவில்லை, குடல் ரத்தக்கசிவு தெளிவாகக் குறைந்தது. ஆனால் அந்த ஆய்வு பாதியிலேயே நின்றுபோனது. ஆகவே இரண்டு மாதம் ஒமெப்ரசோல் போட்டுவிட்டாரே என்று நடுங்க வேண்டாம். மோதல் இல்லாத மாத்திரை எளிதில் கிடைக்கும்போது மோதுவதை வைத்துக்கொள்ளவும் வேண்டாம். பெயரின் கடைசி எழுத்துகள் ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்று என்று கடையில் சொன்னதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அம்மாவின் உள்ளங்கைக்கு வருகிறேன். அங்கே இரண்டு விதமான மோதல்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன; இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் தீர்வு கிடைக்காது.

முதல் விதம், வயிற்றுக்குள் ஒரு மருந்து இன்னொன்றைக் கட்டிப்பிடித்துக்கொள்வது. கால்சியம் தைராய்டு மருந்தைப் பற்றிக்கொண்டு குடலைத் தாண்ட விடாமல் செய்யும். இரும்புச்சத்து மாத்திரையும், ஜெலுசில், டைஜீன் போன்ற அமில முறிப்பான்களும், புண்ணின் மேல் படலமாகப் படியும் சுக்ரால்ஃபேட்டும் அதையே செய்யும். சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் ஆகியவையும் இவற்றிடம் மாட்டிக்கொள்ளும். இந்த வகை மோதலுக்கு இடைவெளி போதும்: தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேரம் தள்ளி வைத்தால் சிக்கல் தீர்ந்துவிடும். காபியும் தைராய்டு மருந்து உள்ளே போவதைக் குறைப்பதால், குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கச் சொல்லுங்கள். நம் வீட்டுப் பெரியவர்களிடம் காபியைத் தள்ளிப்போடச் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கும் தெரியும்.

இரண்டாவது விதம், அமிலமே இல்லாமல் போவதால் வருவது. பான்டோபிரசோல் ரத்தத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் அமிலத்தைச் சுரக்கும் பம்புகளை நிரந்தரமாக மூடிவிட்டுப் போவதால், உடல் புதிய பம்புகளைச் செய்து முடிக்கும்வரை, அதாவது ஒரு நாளுக்கு மேலும், வயிறு அமிலம் குறைந்தே இருக்கும். தைராய்டு மாத்திரை நன்றாகக் கரைய அமிலம் தேவை. ஆகவே கேஸ் மாத்திரையை மட்டும் மாலைக்கு மாற்றினால் இந்தச் சிக்கல் தீராது. கேஸ் மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். இல்லாவிட்டால் தைராய்டு அளவைக் கூட்டிச் சமாளிக்க வேண்டும். அம்மாவுக்கு இரண்டாவது வழியில்தான் 125 வரை ஏற்றியிருக்கிறார்கள் போலிருக்கிறது. எச்சரிக்கை ஒன்று: நேரத்தைச் சரிசெய்து, கேஸ் மாத்திரையையும் நிறுத்திவிட்டால், அதே 125 அவருக்கு அதிகமாகிப் படபடப்பு வரலாம். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் டிஎஸ்எச் மறுபடி பார்க்க வேண்டும்.

கால்சியம் கார்பனேட் கரையவும் அமிலம் வேண்டும். அமிலத்தை அடைத்துவிட்டு, வெறும் வயிற்றில் அதைப் போட்டால் பெரும்பகுதி கழிவாகவே போகும். மதியச் சாப்பாட்டோடு கொடுங்கள். அல்லது அமிலம் தேவைப்படாத கால்சியம் சிட்ரேட்டாக மாற்றித் தருமாறு மருத்துவரைக் கேளுங்கள்.

கடைசியாக, அந்தக் கேப்சூலில் ஒட்டிக்கொண்டிருக்கும் டோம்பெரிடோன். யாரும் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அது குமட்டலுக்கான மருந்து. இதயத் துடிப்பின் மின்னோட்டத்தை நீட்டித்து, அரிதாக ஆபத்தான துடிப்புக் கோளாற்றை உண்டாக்கக்கூடியது. ஐரோப்பிய மருந்து முகமை 2014-இல், பெரியவர்களுக்கு 10 மி.கி. வீதம் நாளுக்கு மூன்று வேளைக்கு மேல் கூடாது, பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் தரக் கூடாது என்று வரம்பு வைத்தது. அம்மா ஆறு ஆண்டுகளாகப் போடுகிறார். தொண்டைப் புண்ணுக்குக் கிளாரித்ரோமைசின் கொடுத்தால் டோம்பெரிடோன் ரத்தத்தில் பலமடங்கு ஏறும். இரண்டையும் சேர்க்கவே கூடாது. உங்கள் அம்மா என்ன மாத்திரை போடுகிறார் என்று கேட்கும் எந்த மருத்துவரிடமும் அவர் இதைக் கேஸ் மாத்திரை என்றுதான் சொல்வார். கேட்பவருக்கும் உள்ளே டோம்பெரிடோன் இருப்பது தோன்றாது. அட்டையையே எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

பதில் 2: நூல்காரன்

மருந்தாளுநர் ஐயா சொன்ன இரண்டாவது வித மோதலில் நான் ஓர் ஆண்டு சிக்கிக் கிடந்தேன் என்பதால் இதை எழுதுகிறேன். திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை. இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை. தோல் மருத்துவர் இட்ராகனசோல் கேப்சூல் எழுதினார். அப்போது நெஞ்செரிச்சலுக்காக நானே கடையில் வாங்கிய ராபிப்ரசோல் தினமும் ஓடிக்கொண்டிருந்தது. அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அதை யார் மருந்து என்று நினைக்கிறார்கள்? ஒரு மாதம், பிறகு இன்னொரு மாதம், பிறகு வேறு நிறுவனத்தின் கேப்சூல், பிறகு இரட்டை அளவு. வட்டம் ஓரத்தில் காய்ந்து நடுவில் மீண்டும் சிவந்தது. விலை குறைந்த சரக்கு என்று கேப்சூல்மீது பழி போட்டேன்.

மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர்தான் பையிலிருந்த எல்லா அட்டைகளையும் மேசைமேல் கொட்டச் சொன்னார். ராபிப்ரசோல் அட்டையை மட்டும் விரலால் தள்ளி வைத்துவிட்டு, இட்ராகனசோல் கேப்சூல் அமிலத்தில்தான் கரையும், நீங்கள் அமிலத்தை அணைத்துவிட்டு அதை விழுங்கியிருக்கிறீர்கள் என்றார். அதை நிறுத்தி, கேப்சூலைச் சாப்பாடு முடித்த உடனே போடச் சொன்னார். ஆறு வாரத்தில் தோல் தெளிந்தது. இன்றும் என் இடுப்பில் கறுத்த தழும்பு இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு எப்போதாவது பூஞ்சைத் தொற்று வந்து இந்தக் கேப்சூல் எழுதினால், பான்டோபிரசோலோடும் மோதும், டோம்பெரிடோனோடும் மோதும். இரண்டாவது மோதல்தான் ஆபத்தானது என்று அவர் அன்றே சொன்னார்.

பதில் 3: மண்வாசனை

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று தெரியவில்லை. இரவு ஊறவைத்த சீரகத் தண்ணீரும் மோரும் போதும். இரசாயன மாத்திரைகள் அனைத்தையும் நாளை காலையே குப்பையில் போடுங்கள். அப்பாவுக்கும் அதுவே நல்லது. என் மாமியார் அப்படித்தான் குணமானார்.

பதில் 4: பொது மருத்துவர்

மேலே உள்ள பதிலைப் படித்துவிட்டு யாரேனும் ஸ்டென்ட் வைத்தவரின் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். சீரகத் தண்ணீர் குடிப்பதில் எனக்கு மறுப்பில்லை; நானும் குடிக்கிறேன். ஆனால் 70 வயதில் ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் சேர்த்துப் போடுபவருக்கு வயிற்றில் ஒரு சிறு புண் இருந்தாலும், அது நிற்காமல் கசிந்து, மலம் தார்போல் கறுத்து, உயிருக்கே ஆபத்தாகலாம். பான்டோபிரசோல் அவருக்கு நெஞ்செரிச்சலுக்காகத் தரப்படவில்லை; அந்தக் கசிவைத் தடுக்கும் காவலாகத் தரப்படுகிறது. நெஞ்சு எரியாததால் அது வேண்டாம் என்று முடிவு செய்ய முடியாது. ஆஸ்பிரின், குளோபிடோகிரல் இரண்டில் ஒன்றை இதய மருத்துவர் நிறுத்தும் நாளில், இதையும் தொடர வேண்டுமா என்று கேளுங்கள். அதுவரை ஒரு நாளும் விடக் கூடாது. முன்பு புண்ணிலிருந்து ரத்தம் கசிந்தவர்கள், உணவுக்குழாயில் கடுமையான அழற்சி உள்ளவர்கள், பாரெட் எனப்படும் உணவுக்குழாய் மாற்றம் உள்ளவர்கள் ஆகியோருக்கும் இதையே சொல்வேன்.

உங்கள் அம்மாவுக்கு, நீங்கள் எழுதியுள்ளதை மட்டும் வைத்துப் பார்த்தால், இந்த மாத்திரையைத் தொடங்கிய காரணம் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. ஒரே வெற்றிலைப் பெட்டியிலிருந்து இருவரும் எடுக்கும் ஒரே வகை மாத்திரை, ஒருவருக்குக் காவலாகவும் மற்றவருக்குச் சுமையாகவும் இருக்கிறது.

மரத்துப் போவதைப் பார்ப்போம். உணவில் உள்ள பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதைப் பிரித்தெடுக்க வயிற்று அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும் வேண்டும். 2013-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வில், இந்த வகை மாத்திரைகளை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எடுத்தவர்களிடம் பி12 குறைபாடு, எடுக்காதவர்களைவிட ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகமாகக் காணப்பட்டது. மெட்ஃபார்மினும் தனியாக பி12-ஐக் குறைக்கும். 2022-இல் பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்குக் குறைபாட்டின் அறிகுறி தெரிந்தால் பி12 பரிசோதிக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கு நினைவூட்டியது. உங்கள் அம்மா சைவ உணவுக்காரராகவும் இருந்தால் மூன்று பக்கமும் அடைபட்டுவிடுகிறது. பதினான்கு ஆண்டுச் சர்க்கரையும் பாதங்களை மரக்கச் செய்யும் என்பதால், எல்லோரும் சர்க்கரையின் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நரம்பு கெடுவது சர்க்கரையாலா, பி12 குறைவாலா என்று பாதத்தைத் தொட்டுப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. ஆனால் பி12 குறைவை ஊசியாலோ மாத்திரையாலோ சரிசெய்ய முடியும், காலம் கடந்தால் நரம்பு முழுமையாகத் திரும்பாது. ஆகவே இந்த வாரமே பரிசோதியுங்கள். ஒரு வேண்டுகோள்: கடையில் கிடைக்கும் நரம்புச் சத்து மாத்திரைகளை முதலில் கொடுத்துவிட்டுப் பரிசோதனைக்குப் போகாதீர்கள், அவற்றில் பி12 இருப்பதால் அளவு நன்றாக இருப்பதுபோல் காட்டி ஏமாற்றிவிடும்.

கெண்டைக்கால் பிடிப்புக்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் மக்னீசியத்தைப் பார்த்துவிடுவது நல்லது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2011 மார்ச்சில், இந்த வகை மாத்திரைகளால் மக்னீசியம் குறைவதைப் பற்றி எச்சரித்தது: பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் எடுத்தவர்களுக்கு வருகிறது, தசைப் பிடிப்பு, நடுக்கம், வலிப்பு, துடிப்புக் கோளாறு என்று வெளிப்படுகிறது. அவர்கள் ஆராய்ந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு, மக்னீசிய மாத்திரை கொடுத்தும் அளவு ஏறவில்லை. கேஸ் மாத்திரையை நிறுத்திய பிறகுதான் ஏறியது. நீர் பிரியத் தரும் மாத்திரையோ இதய மருந்தான டிகாக்சினோ சேர்த்து எடுப்பவர்களுக்கு இது கூடுதல் ஆபத்து. அம்மாவின் விஷயத்தில் இன்னொரு காரணமும் உண்டு: டோம்பெரிடோன் இதயத்தின் மின்னோட்டத்தை நீட்டிக்கிறது, மக்னீசியக் குறைவும் அதையே செய்கிறது. ஒரு இசிஜி எடுத்துவிடுங்கள்.

காணொளிகள் சொல்லும் சிறுநீரகம், மறதி பற்றி. இவற்றில் உண்மையும் மிகையும் கலந்துள்ளன. சிறுநீரகத்தில் திடீரென ஏற்படும் ஒவ்வாமை அழற்சி உண்மையானது. அரிது, மாத்திரையை நிறுத்தினால் பலருக்குச் சீராகும். நீண்டகாலச் சிறுநீரகக் கோளாறு, மறதி நோய் ஆகியவற்றோடு தொடர்பு உண்டு என்று 2016-இல் வந்த ஆய்வுகள், ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவர்களைக் கவனித்துச் சொன்னவை. நோய் அதிகம் உள்ளவர்களே மாத்திரையும் அதிகம் எடுக்கிறார்கள் என்ற சிக்கல் அவற்றில் உண்டு. 2019-இல் காம்பஸ் என்ற ஆய்வு 17,598 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குப் பான்டோபிரசோல் 40 மி.கி., மறுபாதிக்கு மருந்தில்லா மாத்திரை கொடுத்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கவனித்தது. குடல் தொற்று மட்டுமே கூடியிருந்தது, அதுவும் 1.0 விழுக்காட்டுக்கு எதிராக 1.4 விழுக்காடு. சிறுநீரகக் கோளாறு, மறதி, எலும்பு முறிவு, நிமோனியா ஆகியவற்றில் கவனிக்கத்தக்க வேறுபாடு இல்லை. மூன்று ஆண்டு ஆய்வு பதினைந்து ஆண்டுப் பழக்கத்துக்கு உத்தரவாதம் தராது என்பதும் சரிதான்; எனினும், அப்பாவைப் போன்ற தேவையுள்ளவர் பயந்து நிறுத்துவதற்கு அந்தக் காணொளிகளில் காரணம் ஏதும் இல்லை. எலும்பு முறிவு பற்றி அதே அமெரிக்க நிர்வாகம் தந்த 2010 எச்சரிக்கை, பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்து, அதிக அளவிலோ ஓராண்டுக்கு மேலோ எடுப்பவர்களைக் குறித்தது.

நிறுத்தும் முறை பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு நாள் விட்டால் எரிகிறதே என்பதை நோய் இருப்பதற்கான சாட்சியாக அம்மா எடுத்துக்கொள்கிறார். 2009-இல் டென்மார்க்கில் 120 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. யாருக்கும் வயிற்றுக் கோளாறு கிடையாது. பாதிப் பேருக்கு எட்டு வாரம் எசோமெப்ரசோல் 40 மி.கி. கொடுத்து நிறுத்தினார்கள். அடுத்த நான்கு வாரங்களில் அவர்களில் 44 விழுக்காட்டினருக்கு நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் போன்றவை வந்தன. மருந்தில்லா மாத்திரை போட்டவர்களில் 15 விழுக்காட்டினருக்கே வந்தன. அமிலம் அடைபட்ட நாட்களில் காஸ்ட்ரின் என்ற சுரப்பு ஏறி, அமிலம் சுரக்கும் அணுக்களைப் பெருக்கிவிடுகிறது. மூடியைத் திறந்ததும் அது முன்பைவிட வேகமாகப் பொங்குகிறது. ஆறு ஆண்டுகள் போட்டவருக்கு இது வராமல் இருந்தால்தான் வியப்பு. சில வாரங்கள் பொறுத்தால் அடங்கும்.

மெதுவாகக் குறைப்பது ஒரே நாளில் நிறுத்துவதைவிடச் சிறந்தது என்று உறுதியாக நிறுவப்படவில்லை. அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவச் சங்கம் 2022-இல் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் என் அனுபவத்தில் படிப்படியாகக் குறைத்தவர்களே நிலைத்து நிற்கிறார்கள். டோம்பெரிடோன் இல்லாத வெறும் பான்டோபிரசோல் 40, பிறகு 20, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று வாரங்கள் தங்கலாம். இடையில் எரிந்தால், தைராய்டு மாத்திரையிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி அமில முறிப்பானைக் குடிக்கலாம். இரவில் தேவையெனில், அமிலத்தைக் குறைக்கும் வேறு வகை மாத்திரையான ஃபாமோடிடைன் இருக்கிறது. இவற்றையெல்லாம் அவரை நேரில் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். உணவு விழுங்கும்போது தடைப்படுதல், காரணமில்லாமல் எடை குறைதல், கறுத்த மலம், ரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் குறைக்கத் தொடங்காமல் முதலில் எண்டோஸ்கோப்பி பற்றிக் கேளுங்கள். படியேறும்போது மட்டும் வரும் எரிச்சலை வாயுப்பிடிப்பு என்று வீட்டில் முடிவு கட்டாதீர்கள். அது இதயமாக இருக்கலாம், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதலாக.

பதில் 5: தஞ்சைத் தட்டு

மருத்துவர் சொன்ன அந்தப் பொங்குதலை நான் பட்டிருக்கிறேன். நான்கு ஆண்டுகள் போட்ட எசோமெப்ரசோலை ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு ஒரே நாளில் நிறுத்தினேன். நான்காம் நாள் இரவு, தலையணையை இரண்டாக்கி உட்கார்ந்தபடியே விடிய விடிய விழித்திருந்தேன். தொண்டைவரை புளிப்பு ஏறியது. ஒன்பதாம் நாள் தோற்று மறுபடி மாத்திரைக்குப் போனேன், வாழ்நாள் முழுக்க இது எனக்கு வேண்டும் என்ற முடிவோடு. அந்த எரிச்சல் நிறுத்தியதால் வந்தது என்று அப்போது ஒருவர் சொல்லியிருந்தால் இன்னும் மூன்று ஆண்டுகள் போட்டிருக்க மாட்டேன். சென்ற ஆண்டு மெதுவாகக் குறைத்து நிறுத்தினேன். இரவு உணவை எட்டு மணிக்குள் முடித்ததும், கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்ததும் எனக்கு உதவின.

கேள்வி கேட்டவர்: காவேரிக்கரை

ஆறு வாரங்கள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

அப்பாவின் இதய மருத்துவரிடம் மறுநாளே பேசினேன். ஒமெப்ரசோலை விட்டுவிட்டுப் பான்டோபிரசோலுக்கே திரும்பச் சொன்னார். வேறு கடையில் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வைத்திருக்கிறோம். நிறுத்தலாமா என்று கேட்டதற்கு, பொது மருத்துவர் இங்கே எழுதியதையே ஏறத்தாழச் சொன்னார்.

அம்மாவின் பி12 அளவு மில்லிலிட்டருக்கு 132 பிகோகிராம், குறைவுதான். மருத்துவர் ஊசி தொடங்கியிருக்கிறார். மக்னீசியம் கீழ்வரம்பை ஒட்டி 1.5 இருந்தது. இசிஜியில் கோளாறு இல்லை. கேப்சூலை மாற்றி, டோம்பெரிடோன் இல்லாத பான்டோபிரசோல் 20 மட்டும் எழுதிக் கொடுத்தார். இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறார். இரண்டாம் வாரம் எரிச்சல் கடுமையாக இருந்தது. இங்கே படித்ததை நான் முன்பே தொலைபேசியில் சொல்லி வைத்திருந்ததால், அம்மா பயப்படாமல் அமில முறிப்பானோடு ஓட்டிவிட்டார். கெண்டைக்கால் பிடிப்பு வாரத்துக்கு ஒரு முறையாகக் குறைந்திருக்கிறது. மரத்துப் போவதில் பெரிய மாற்றம் இல்லை. நரம்புக்கு மாதக்கணக்கில் ஆகும், முழுமையாகத் திரும்புமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அதைக் கேட்டபோதுதான் ஆறு ஆண்டுகளில் நான் ஒருமுறைகூட அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்காதது உறுத்தியது.

தைராய்டு மாத்திரை ஐந்தரைக்கு, காபி ஆறரைக்கு, கால்சியம் மதியச் சாப்பாட்டோடு. இதில் காபிதான் பெரும் போராட்டம். டிஎஸ்எச் இந்த வாரம் 3.1 வந்திருக்கிறது. ஒரு சந்தேகம்: மருத்துவர், வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் எச். பைலோரி கிருமிக்கு மூச்சுப் பரிசோதனை எழுதியிருக்கிறார். இப்போதே எடுக்கலாமா?

பதில் 6: பழைய மருந்தாளுநர்

இப்போது எடுக்காதீர்கள் தம்பி. பான்டோபிரசோல் அந்தக் கிருமியை அடக்கி வைத்திருக்கும் என்பதால், கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். மாத்திரையை முழுவதுமாக நிறுத்தி இரண்டு வாரங்களும், இடையில் ஏதேனும் ஆன்டிபயாட்டிக் எடுத்திருந்தால் அதன்பின் நான்கு வாரங்களும் கழிந்த பிறகு போகச் சொல்லுங்கள். எப்படியும் நிறுத்தத்தானே போகிறார், ஒரு நாள் விட்டு ஒரு நாள் முடிந்ததும் தேதி வாங்கினால் இரண்டும் சேர்ந்து முடிந்துவிடும். டிஎஸ்எச் 3.1-க்கு இறங்கிய வேகத்தைப் பார்த்தால், மாத்திரை முற்றிலும் நின்ற பிறகு 125 அதிகமாகலாம். மூச்சுப் பரிசோதனைக்குப் போகிற அன்றே அதற்கும் ரத்தம் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.